வண்டிக்குக் காய்ச்சல்

கலவையிலிருந்து ஒரு சகோதரி நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் ஊறுகாய் பூசணம் பூத்துவிட்டது, பட்டுப் புடவையில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது என்பது போன்ற சமாசாரங்கள்தான் வழக்கமாக இருக்கும். இவர் எழுதியிருப்பதோ மோட்டார் காரைப் பற்றி. "எங்கள் வண்டி வெந்நீர் போடுகிறது, குளிக்கத்தான் முடியவில்லை" என்று ஆரம்பிக்கிறார். சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் கடிதத்தின் பின்பாதி சிரிக்கிற விஷயம் அல்ல.

வீட்டில் இருப்பது பதினொரு வருஷத்துச் சிறிய பெட்ரோல் கார். ஓட்டுகிறவர் இந்தச் சகோதரியேதான். பிறந்தகம் ஆம்பூர். அங்கே தனியாக இருக்கும் வயதான தாயாரை மாதம் இரண்டு தடவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். "ஆற்காடு கடைத்தெருவில் எவ்வளவு நெரிசலில் ஊர்ந்தாலும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. வேலூர் தாண்டி, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் மெல்ல மெல்ல ஏறுகிறது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வேகம் குறைந்தால் இறங்குகிறது. ஆம்பூர் போய்ப் பார்த்தால் தண்ணீர் டப்பா காலி. அம்மா வீட்டுக் குழாயில் பிடித்து நிரப்பிக்கொண்டு திரும்புகிறேன். (அந்தத் தண்ணீரில் துவரம்பருப்புக்கூட வேகாது!) போன தடவை அம்மாவைப் பின் ஸீட்டில் வைத்துக்கொண்டு நடு வழியில் ஆவி கிளம்பிவிட்டது. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை" என்று எழுதுகிறார்.

யோசனை சொல்ல ஆள் இல்லாமலா இருப்பார்கள்? "வேலூர் வெயிலுக்கு மனுஷனே கொதிக்கிறான், வண்டி கொதிக்காதா?" என்கிறார் அவருடைய வீட்டுக்காரர். கொழுந்தனார், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள் அண்ணி, சரியாகிவிடும்" என்கிறார். ஒரு ஒர்க்ஷாப்பில் இஞ்சினையே இறக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். "யார் சொல்வது சரி? வண்டியை விற்றுவிடலாமா?" என்பது கேள்வி.

சகோதரியே, மூன்று பேர் சொன்னதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நோய் என்ன என்பதை உங்கள் கடிதத்திலேயே பாதிக்கு மேல் எழுதிவிட்டீர்கள். அடைப்புக்குறிக்குள் போட்ட அந்தத் துவரம்பருப்புதான் முக்கியமான சாட்சி. அதற்கு வருவதற்குமுன், வண்டிக்குள் நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். "இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டப்போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். பிரஷர் குக்கரை வைத்துச் சமைக்கத் தெரிந்தவருக்கு இது புரியாமல் போகாது.

குக்கரும் ரேடியேட்டரும்

இஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது அந்தத் தீயின் உஷ்ணம் 2000 டிகிரிக்கும் மேலே போகிறது. இஞ்சினின் தலைப்பாகம் பெரும்பாலான கார்களில் அலுமினியத்தால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். உருகாமல் காப்பது, அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். பெட்ரோலில் உள்ள உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. ஒரு பங்கு புகையோடு போய்விடும். மிச்சமுள்ள பங்கைத் தண்ணீர் சுமந்துகொண்டு முன்பக்கத்து ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கும்போது, எதிர்க்காற்று பட்டு ஆறி, பம்பின் தயவால் திரும்ப இஞ்சினுக்கு வருகிறது. வண்டி நிற்கும்போது எதிர்க்காற்று இல்லை. அப்போது விசிறி தானாகச் சுழன்று காற்றைக் கொடுக்கிறது. நடுவே தெர்மோஸ்டாட் என்று ஒரு சிறு கதவு உண்டு. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, தண்ணீர் சுமார் 80, 90 டிகிரிக்கு வந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். குக்கரில் அது சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது அல்லவா? வெயிட் போட்டு ஆவியை அடைத்து வைப்பதால்தான். ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஏறக்குறைய குக்கர் அளவுக்கே அழுத்தத்தை உள்ளே அடைத்து வைக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து விரிந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியே போகும். இந்தச் சின்ன மூடியில் நம் ஊருக்கு ஒரு பெருமையும் உண்டு. சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் பாஸ்டனர்ஸ் கம்பெனி 1990-களிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியிருக்கிறது.

குக்கர் உபமானத்தை இங்கே சொன்னதற்கு முக்கியமான காரணம் வேறு. ஆவி அடங்காத குக்கரை நீங்கள் திறப்பீர்களா? அதே போல, சூடான ரேடியேட்டர் மூடியை ஒருநாளும் திறக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீர் பீறிட்டு முகத்திலும் கழுத்திலும் அடிக்கும். அந்தக் காலத்து அம்பாஸடர் டிரைவர்கள் பானெட்டைத் தூக்கி, ஈரத் துணியைப் போட்டு மூடியைத் திறந்து, தகரத்திலிருந்து தண்ணீர் ஊற்றியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போதும் அப்படியே செய்யப் போகிறார்கள். அவர்களிலும் கை வெந்தவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முதல் மருந்து: நிறுத்துவது

கலவை என்றதும் காஞ்சி மடத்துப் பக்தர்களுக்கு 1907-ஆம் வருஷம் ஞாபகம் வரும். அந்த வருஷம் பிப்ரவரி மாதம், திண்டிவனத்தில் படித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் சுவாமிநாதனைக் காஞ்சிபுரத்திலிருந்து வண்டியில் கலவைக்கு அழைத்து வந்தார்கள். அங்கேதான் அவர் துறவு பூண்டு, மடத்தின் அறுபத்தெட்டாவது ஆசாரியரானார். அந்த நாள் வண்டிக்காரர்களுக்கு ஒரு நியாயம் தெரிந்திருந்தது. எவ்வளவு அவசரமானாலும், குதிரையோ மாடோ நுரை தள்ளினால் சாட்டையைக் கீழே வைத்துவிட்டு, நிழலில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவார்கள். மோட்டார் காருக்கு வாய் இல்லை, நுரையும் தள்ளாது. சிவப்பு விளக்கு ஒன்றைக் காட்டும். அதையும் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தான், போய்விடலாம்" என்கிறோம்.

அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் சர்வ நாசமும் நடக்கிறது. ஆவி வந்ததால் இஞ்சின் கெட்டது என்பது அபூர்வம். ஆவி வந்த பிறகும் ஓட்டியதால் கெட்டதே அதிகம். அலுமினியத் தலை சூட்டில் கோணிக்கொள்கிறது. அதற்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் காஸ்கெட் என்ற தகடு வெந்து விரிசல் விடுகிறது. தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகக் கலக்கின்றன. சில நூறு ரூபாயில் போக வேண்டிய மூடியும் குழாயும், கை வளையலை அடகுக் கடைக்கு அனுப்பிவிடும். ஆகையால், நீங்கள் ஓட்டினாலும் சரி, பக்கத்து ஸீட்டில் இருந்தாலும் சரி, "என்னங்க, ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். ஓட்டுகிறவருக்குக் கோபம் வரலாம். கோபம் சாயந்திரத்துக்குள் ஆறிவிடும்.

முள் ஏறத் தொடங்கும்போதே செய்ய வேண்டியது: ஏ.ஸி.யை அணையுங்கள். ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வெயில் காலத்தில் ஹீட்டரா என்று திகைக்காதீர்கள். அது இஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். நாம் சிறிது வெந்தாலும் இஞ்சின் பிழைக்கும். வேகத்தைக் குறைத்து, இடப்புற ஓரம் தேடுங்கள். முள் இறங்காவிட்டாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும், ஆவி வந்தாலும் உடனே நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள். நான்கு மூலை விளக்கும் மினுக்கட்டும். வண்டியில் இருப்பவர்களை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிழலில் உட்கார வையுங்கள். முதியவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கேட்கலாம்.

பிறகு அரை மணி நேரம் ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் கஷ்டமான வைத்தியம்! ஆவி வரும்போது பானெட்டைத் திறக்க வேண்டாம். அடங்கிய பிறகு திறந்தாலும், புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின்னலை முதுகுப்பக்கம் தள்ளுங்கள். இந்த விசிறி மின்சாரத்தில் சுழல்வது. இஞ்சின் அணைந்திருந்தாலும் திடீரென்று சுழல ஆரம்பிக்கும். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினாலும் ஆபத்து, உலோகம் விரிசல் விடும். எல்லாம் கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, கனத்த துணி போட்டு மூடியைக் கொஞ்சமாகத் திருப்பி, "உஸ்" என்ற சத்தம் நின்றபின் முழுவதும் திறந்து, மெல்ல ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகினால் வண்டி கட்டியிழுத்துத்தான் போக வேண்டும்.

நாடி பார்ப்பது

இனி நோயைக் கண்டுபிடிக்கும் வகை. டாக்டர், "காய்ச்சல் எப்போது வருகிறது? காலையிலா, ராத்திரியா?" என்று கேட்பதில்லையா? வண்டிக்கும் அதே கேள்விதான்.

நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓட ஆரம்பித்ததும் தணிந்தால், விசிறியைச் சந்தேகியுங்கள். விசிறியோ, அதன் ப்யூஸோ, அதை இயக்கும் ரிலேயோ பழுதாக இருக்கும். பெரும்பாலும் சொற்பச் செலவு.

மெதுவாகப் போகும்போது சும்மா இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலும் மலை ஏற்றத்திலும் சூடேறினால், விசிறியின்மேல் குற்றம் இல்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது தண்ணீர் குறைந்திருக்கும்.

சிவப்பு உஷ்ண விளக்கோடு பாட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் தண்ணீர் பம்பைச் சுற்றுவது அந்த பெல்ட்தான். ஒரு அடிகூட ஓட்டக் கூடாது.

வண்டிக்குள் இனிப்பான வாடை அடித்து, முன்பக்கத்துக் கால்மிதி நனைந்திருந்தால், ஹீட்டர் பெட்டிக்குள் ஒழுகுகிறது.

இஞ்சின் எண்ணெயைப் பார்க்கும் குச்சியில் பால் விட்ட காப்பி நிறம் தெரிந்தாலும், சூடான பிறகும் பின்குழாயில் வெள்ளைப் புகை ஓயாமல் வந்தாலும், காஸ்கெட் போயிருக்கலாம். இஞ்சினைப் பிரிக்கும் பேச்சு அப்போதுதான் எழ வேண்டும்.

கலவைச் சகோதரியின் வண்டி ஆற்காட்டு நெரிசலில் சாது, நெடுஞ்சாலையில் சூடு, பள்ளிகொண்டாவில் மெதுவானால் தணிவு. ஆகவே விசிறி நல்லது. "பால் காப்பி" நிறமோ வெள்ளைப் புகையோ பற்றி அவர் எழுதவில்லை. ஆகவே இஞ்சினை இறக்கச் சொன்னது அவசரம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு. அப்படிச் செய்தால் இஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடி, பெட்ரோலை அதிகம் குடித்து, சீக்கிரம் தேய்ந்துபோகும். பழுதானால் புதிது போட வேண்டுமே தவிர, இல்லாமல் ஓட்டக் கூடாது. வெயிலும் குற்றவாளி அல்ல. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பது தெரிந்து செய்த வண்டிதான் இது. மிஞ்சுவது ரேடியேட்டர். அதை அடைத்தது எது? துவரம்பருப்பை வேகவிடாத அந்தத் தண்ணீர்தான் என்பது என் சந்தேகம்.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்

நம் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரை "நல்ல தண்ணீர்" என்றும், புழங்குகிற தண்ணீரை "உப்புத் தண்ணீர்" என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். உப்புத் தண்ணீரில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதே, அதே பொருக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம். ரேடியேட்டருக்குள் கை நுழையுமா? தண்ணீரிலுள்ள உப்பு அலுமினியத்தை அரித்து ஊசித்துளையும் போடும். அதனால் தண்ணீர் குறையும். குறைந்ததற்கு மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். பொருக்கு இன்னும் கனக்கும்.

பாலாற்றங்கரையில் இந்தக் கஷ்டத்துக்குத் தனிக் காரணமும் உண்டு. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் ஊர்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டு வைப்பார்கள். டேனரியில் ஊறவைக்கும்போது அவ்வளவு உப்பும் தண்ணீரில் இறங்கும். பல வருஷங்கள் அந்தக் கழிவு நீர் ஆற்றிலும் நிலத்திலும் கலந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நிலத்தடியில் இறங்கிய உப்பு சுலபத்தில் போகாது. அந்தத் தோல் வேலைதான் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதையும் மறப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் காருக்குக் கொடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!

ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: பருப்பு வேகாத தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகாது. வழியில் அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம். வீட்டில் இன்வெர்ட்டர் பாட்டரிக்கு வாங்குகிறோமே, அந்தத் தாது நீக்கிய தண்ணீர் உத்தமம். அதோடு கூலண்ட் என்ற திரவத்தைப் பாதிக்குப் பாதி சேர்க்க வேண்டும். கொதிநிலையை உயர்த்துவதோடு, துருவும் அரிப்பும் வராமல் அது காக்கிறது. கலந்தே விற்கும் வகையும் உண்டு. அதில் மறுபடி தண்ணீர் கலக்கக் கூடாது. வண்டிக்குரிய புத்தகத்தில் சொன்ன வகையையே வாங்குங்கள். நிறம் பார்த்து வாங்குவதும், வேறு வேறு வகையைக் கலப்பதும் வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: பெரும்பாலான கூலண்டில் இருக்கும் எதிலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். பழரச நிறத்தில் இருப்பதால் குழந்தைகள் ஏமாந்து போகும். காலி பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள்; நாயும் பூனையும் நக்கும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"வண்டி சூடாகிறது" என்று மட்டும் சொன்னால், பிரிப்பதெல்லாம் பிரிப்பார். "வேகமாகப் போனால் சூடு, மெதுவானால் தணிகிறது, தண்ணீரும் குறைகிறது" என்று சொல்லுங்கள். பிறகு இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்; செலவு குறைந்தது முதலில். ஒழுகல் எங்கே என்று அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது. மூடியைச் சோதித்து, சந்தேகமானால் புதிது போடுவது. ரேடியேட்டரின் முகப்பில் அடைந்த தூசு, பூச்சி, பிளாஸ்டிக் காகிதத்தை அகற்றுவது. உப்பிய, இளகிய ரப்பர் குழாய்களை மாற்றுவது. ரேடியேட்டரை உள்ளே அலம்பி விடுவது. லேசான பொருக்கானால் அலம்பலில் போகும். கெட்டியாக அடைத்திருந்தாலோ, துளை விழுந்திருந்தாலோ புதிய ரேடியேட்டர்தான். பழைய பித்தளை ரேடியேட்டரைப் போல இந்த அலுமினியத்தைச் சுலபத்தில் பற்றவைக்க முடியாது. அதற்குப் பின்புதான் தெர்மோஸ்டாட், பம்ப். காஸ்கெட் கடைசியில். கடைசியாகத் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்று சிக்காமல் வெளியேற்றச் சொல்ல மறக்காதீர்கள். காற்று சிக்கினால் எல்லாம் புதிதாக இருந்தும் மறுபடி காய்ச்சல் வரும்.

ஆகவே, சகோதரியே, வண்டியை விற்க வேண்டாம். சரியாகும்வரை தாயாரை அதில் நெடுஞ்சாலையில் அழைத்துப் போகவும் வேண்டாம். ஆம்பூரிலிருந்து வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள். வண்டி சரியான பிறகு, வெள்ளிக்கிழமை காலையில் விளக்குத் துலக்கும்போது, கையோடு பானெட்டையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். இஞ்சின் ஆறியிருக்கும் அந்த நேரத்தில் டப்பாவிலுள்ள இரண்டு கோடுகளுக்கும் நடுவே தண்ணீர் நிற்க வேண்டும். வாராவாரம் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஊற்றி மறைக்காமல் காட்டிவிடுங்கள். டிக்கியில் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். காருக்குத் தேவைப்படாவிட்டால் அம்மாவுக்கு ஆகும்.

அடுத்த வாரம், மழைக்காலத்தில் காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியைப் பற்றிப் பார்ப்போம்.